வாசு பைப்

பத்தாங் பெர்ஜுந்தாயில் காருக்குப் புகைக்குழாய் செய்யும் எக்சோஸ் கடை வைத்திருக்கும் வாசு, புதிதாக வரும் எந்தக் காரையும் வந்ததும் தொடமாட்டார். சாவியை வாங்கமாட்டார். பானெட்டைத் திறக்கச் சொல்லமாட்டார். ஓட்டுபவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, "எங்கயாச்சும் போ" என்பார். அரை மணி நேரம் கழித்துத் திரும்பியதும் ஒரு சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டு கடையின் சிமெண்டுத் தரையில் மண்டியிடுவார். என்ஜினில் தொடங்கிப் பின் பம்பர் வரைக்கும் போகப்போகிற குழாயை, ஒவ்வொரு வளைவோடும், உள்ளபடியே முழு நீளத்துக்கு வரைந்துவிடுவார். அந்தப் படம் ஒரு வாரம் தரையில் கிடக்கும். கார்க்காரர் வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு அடுத்த வாரம் வந்து சரி என்று சொன்ன பிறகுதான் இரும்பை வெட்டுவார். அதுவரை அந்தக் கோடுகளை யாரும் மிதிக்கக் கூடாது. ஊரிலேயே கோலம் போடுகிற ஒரே ஆம்பிளை என் வீட்டுக்காரர்தான் என்று அவர் மனைவி அமராவதி சொல்லிச் சிரிப்பாள்.

அந்தச் சனிக்கிழமை காலையில் வந்தது கருநீல நிறத்தில் இரண்டு கதவுக் கூப்பே. ஜப்பானிலிருந்து பழைய காராக இறக்கியது. ஓட்டிவந்தவள் ஷாமளா. வயது முப்பத்தொன்று, ரவாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. ஏழு வருடங்களாக அம்மாவின் சின்னக் காரை ஓட்டிக்கொண்டிருந்தவள், யாரையும் கேட்காமல் தனக்கென்று வாங்கிய முதல் பொருள் இது.

"பசியாறியாச்சாண்ணே?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினாள்.

"ஆச்சு, ஆச்சு. என்ன வேணும் தங்கச்சி?"

"இழுவை வேணும். ரவாங் ரோட்டுல லோரியைத் தாண்டுறப்ப மூணாவது கியர்ல தூங்கி வழியுது. ஆனா சத்தம் வேணாம்."

"சத்தம் வேணாம்னா எக்சோஸ் கடைக்கு எதுக்கு வந்தே?"

"சத்தம் இருக்கட்டும்ணே. அடியில இருக்கட்டும், கத்தக் கூடாது. எனக்கு ஷிப்டு வேலை. ஒரு நாளு காலைல ஏழு மணிக்கு வருவேன், ஒரு நாளு நடுராத்திரி. ஷாமளா எத்தனை மணிக்கு வந்தா, எத்தனை மணிக்குப் போனான்னு எங்க தாமான்ல வீட்டுக்கு வீடு கணக்கு வச்சிருக்கு. அதுக்கு நானே மணி அடிச்சுக் குடுக்கணுமா லா?"

வாசுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெண்ணைப் பிடித்துப் போயிற்று. காரில் ஏறினார்.

இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கும் தோட்டச் சாலையில் அவள் ஓட்டினாள். வாசு இடது கையைக் கதவுக்கும் இருக்கைக்கும் நடுவில் தொங்கவிட்டு, தரையில் உள்ளங்கையை வைத்து, என்ஜின் எந்த வேகத்தில் திணறுகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார். நடுவில் ஓரிடத்தில் வண்டியை மெதுவாக்கச் சொன்னார்.

"முன்னெல்லாம் இந்தக் காட்டுக்குள்ள நுழைஞ்சா சில்வண்டு சத்தம் காதைப் பிளக்கும். மருந்தடிச்சு மருந்தடிச்சு எல்லாத்தையும் கொன்னுட்டானுங்க. ரெண்டு வருஷமாச்சு, ஒண்ணு கூட இல்ல."

ஷாமளா அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு செம்பனைகளைப் பார்த்தாள். கியரை மாற்றினாள்.

கடைக்குத் திரும்பி வாசு வரையத் தொடங்கினார். பெரும்பாலும் வருகிறவர்கள் மூன்று இஞ்சுக் குழாய் கேட்பார்கள். குழாய் பெருத்தால் பலமும் பெருக்கும் என்று நினைப்பு. இந்த என்ஜினுக்கு இரண்டேகால் இஞ்சு போதும் என்றார். ஒரு தடவை வெளியேறுகிற புகை அடுத்த தடவைப் புகையைப் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போக வேண்டும், குழாய் அகலமாகிவிட்டால் அந்தப் பிடி விட்டுப்போகும், மூன்றாவது கியரில் இன்னும் தூங்கும். என்ஜினிலிருந்து நான்கு குழாய், அது இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, நேரே பின்னால். குழாய் போட்டு இரண்டு வாரம் ஓட்டிப் பழகிய பிறகு டியூன். ரவாங்கிலிருந்து சுகுமாறன் மடிக்கணினியோடு வந்து பெட்ரோல் அளவையும் தீப்பொறி விழும் நேரத்தையும் புதுக் குழாய்க்குத் தகுந்தபடி மாற்றிக் கொடுப்பான்.

"தீப்பொறி முந்தி விழுந்தா பலம் கூடும். ரொம்ப முந்திட்டா உள்ளுக்குள்ள கடுகு வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். அதைக் கவனிக்காம விட்டா பிஸ்டன் போச்சு. அதுக்குத்தான் நான் பக்கத்துல உக்காந்து கேப்பேன்" என்று சுவரில் தொங்கிய ஒரு பொருளைக் காட்டினார். ஒரு முழம் செம்புக் குழாய். ஒரு முனை தட்டையாக அடித்துத் துளை போட்டிருந்தது, என்ஜினில் முடுக்குவதற்கு. மறுமுனையில் நீளமான ரப்பர்க் குழாய், அதன் நுனியில் பழைய காதுமூடி. "கம்ப்யூட்டர் ஆயிரம் சொல்லும். என் காது சொன்னாத்தான் சுகுமாறன் நிறுத்துவான். இத்தனை வருஷத்துல ஒரே ஒரு என்ஜின்தான் உடைஞ்சிருக்கு, அதுவும் பெட்ரோல் எண்ணெ சரியில்லாம."

கடைசியாகச் சத்தம். பின்சுவர் ஓரத்தில் ஐந்து சைலன்சர்கள் வரிசையாக மாட்டியிருந்தன, சிவப்புப் பெயிண்டில் எண் போட்டு. ஒரே ஒரு பட்டையை முடுக்கினால் எந்தக் காரின் பின்னாலும் மாட்டிக் கேட்டுப் பார்க்கலாம். ஒன்றாம் நம்பர் பன்னிரண்டு வருடத்துக்கு முன் செய்தது. நாலாம் நம்பர் மூன்று வருடத்துக்கு முன். அதுதான் அவருக்குப் பிடித்தது. இப்போது ஊரில் அந்த மாதிரிதான் போட்டுக்கொடுக்கிறார். கோல சிலாங்கூர் வரைக்கும் ஆற்றோரத்தில் எந்தக் கார் முறுக்கிக்கொண்டு போனாலும் "வாசு பைப் வருது" என்பார்கள். அதைக் கேட்கும்போது அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

நாலாம் நம்பரை மாட்டி என்ஜினை முறுக்கினார். நெஞ்சுக்கூட்டில் வந்து உட்காருகிற கனமான சத்தம். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கண்ணைத் திறந்தபோது ஷாமளா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள்.

"நிப்பாட்டுங்கண்ணே, நிப்பாட்டுங்க! தகரத்தை ரம்பத்துல அறுக்கிற மாதிரி இருக்கு."

"ரம்பமா? இதுல ரம்பம் எங்க இருக்கு? எவ்வளவு அடியில பேசுது பாரு" என்று வாசு என்ஜினை நிறுத்தினார்.

"அடியில பேசுது, மேல கத்துது. பல்லு கூசுதுண்ணே." பிறகு அவருக்குப் பின்னாலிருந்த மேசையைக் காட்டினாள். "உங்க ஃபோன் அடிக்குது."

"தெரியும், அடிக்கட்டும்" என்றார் வாசு. திரும்பிப் பார்த்தபோதுதான் அதில் வெளிச்சம் மின்னிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது.

ஷாமளா கொஞ்சம் தயங்கினாள். "அண்ணே, நீங்க மில்லுல வேலை செஞ்சீங்களா?"

"ஒன்பது வருஷம். பாய்லர்ல. ஏன்?"

"எங்க ஃபேக்டரில வருஷா வருஷம் காது டெஸ்ட் இருக்கு. நான்தான் ஆளுங்களை அனுப்புவேன். ரொம்ப வருஷம் மெஷின்கிட்ட நின்னவங்களுக்குக் கனமான சத்தமெல்லாம் நல்லாக் கேக்கும். சன்னமான சத்தம் மட்டும்…"

"தங்கச்சி." வாசுவின் குரல் மாறிவிட்டது. "நான் காதை வச்சுச் சோறு திங்கிறவன். உனக்குப் பைப் வேணும்னா அடுத்த சனிக்கிழமை வா. டாக்டர் வேலை பாக்கணும்னா வேற இடம் போ."

அவள் கோபப்படவில்லை. தரையிலிருந்த கோடுகளை மிதிக்காமல் சுற்றி நடந்து போய்க் காரில் ஏறினாள்.

*

பதினெட்டு வயதில் செம்பனை ஆலையில் சேர்ந்தவர் வாசு. பழக்குலைகளை அவிக்கும் தொட்டியிலிருந்து நீராவியைத் திறந்துவிடும்போது பேசினால் பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்காது, வாயசைவைத்தான் பார்க்க வேண்டும். காதுக்கு மாட்டிக்கொள்ள ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி ஒரு டப்பா நிறைய ரப்பர் அடைப்பான் கொடுத்திருந்தார். யாரும் மாட்டவில்லை. காதை அடைத்துக்கொண்டால் வேலை வாங்கும் மண்டோர் கூப்பிடுவது எப்படிக் கேட்கும் என்று கேலி பேசினார்கள். வாசு அந்த டப்பாவில் திருகாணி போட்டு வைத்திருந்தார். ஒரு தேய்ந்த பேரிங்கை, அது நிற்பதற்கு இரண்டு நாள் முன்பே சத்தத்தில் கண்டுபிடித்துச் சொன்னதால்தான் பட்டறைக்கு மாற்றினார்கள். அங்கே வெல்டிங் பழகினார். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டிலிருந்து வெளியே வந்து கடை போட்டது, கல்யாணம் செய்துகொண்டது, வீடு வாங்கியது எல்லாம் அந்தக் காதை வைத்துத்தான் என்பது அவர் எண்ணம்.

அதனால் ஞாயிறும் திங்களும் ஷாமளாவை மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தார். செவ்வாய்க்கிழமை பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கால்வாய்க்கு அந்தப் பக்கம் செம்பனை தொடங்குகிறது. அமராவதி துணிகளைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் தோட்டச் சாலையில் தன்னைத் திரும்பிப் பார்த்த பார்வை திடீரென்று நினைவுக்கு வந்தது.

"அமரா. சில்வண்டு கத்தி நீ கடைசியா எப்பக் கேட்டே?"

"என்ன?"

"சில்வண்டு."

அமராவதி கையில் துணியோடு நின்றாள். "இப்பக் கத்துறது என்னவாம்?"

வாசு மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்தார். தூரத்தில் ஒரு லோரி. பக்கத்து வீட்டில் கதவு சாத்துகிற சத்தம். செம்பனைக் காட்டிலிருந்து ஒன்றுமே இல்லை. பஞ்சு வைத்து அடைத்ததுபோல் இருந்தது.

"இப்பவா?"

"ஐயோ, நான் பேசுறதே எனக்குக் கேக்கல, அப்படிக் கத்துது. ஏங்க?"

"நான் ரெண்டு வருஷமா செத்துப்போச்சு, செத்துப்போச்சுன்னு சொல்லிக்கிட்டு இருந்தேனே. நீ ஏன் ஒண்ணும் சொல்லல?"

"எஸ்டேட் மேல உள்ள கோவத்துல பேசுறீங்கன்னு நினைச்சேன். டீக்கடையில போய் அதைச் சொல்லிச் சண்டை வேற போட்டீங்க, நான் குறுக்க வந்து என்னத்தைச் சொல்ல?" அவள் துணியை நாற்காலி முதுகில் போட்டுவிட்டு அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள். "நான் எப்பவும் வாய்க்குள்ளயே முணுமுணுக்கிறேன்னு என்னையும் திட்டுறீங்களே. நான் முணுமுணுக்கலைங்க."

 வாசு இருட்டும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். காடு முழுக்கக் கத்துகிறது, தனக்கு மட்டும் அது செத்துக் கிடக்கிறது என்பதை எந்தப் பக்கம் திருப்பி யோசித்தாலும் அது ஓரிடத்தில் போய்த்தான் நின்றது. செம்புக் குழாய். போன வருடம் பாசிர் பெனம்பாங்கில் மீன் வியாபாரம் செய்கிற சன்னாசியின் காரை டியூன் செய்தபோது, சுகுமாறன் மடிக்கணினியைக் காட்டி, "கோடு சிவப்பாகுது மாமா, நிறுத்தவா?" என்று கேட்டான். வாசு காதுமூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் இல்ல, போ" என்றார். மூன்று வாரத்தில் பிஸ்டன் உடைந்தது. "எண்ணெ சரியில்ல. எங்க அடிச்சே?" என்று கேட்டவரும் அவர்தான்.

*

சனிக்கிழமை ஷாமளா வந்தபோது அவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"பசியாறியாச்சா?" என்று இந்தத் தடவை அவர் கேட்டார். அவள் தலையாட்டியதும், நாலாம் நம்பரைக் காரின் பின்னால் மாட்டினார். ஒரு ஸ்பானரையும் கனமான கையுறையையும் அவளிடம் கொடுத்தார். "நான் கால்வாய் பக்கம் திரும்பி நிக்கிறேன். நீ இதை முறுக்கிக் காட்டு. அப்புறம் நிறுத்திட்டு, பட்டையைக் கழட்டி ஒண்ணாம் நம்பரை மாட்டி, திரும்ப முறுக்கு. சூடு, பாத்து."

அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

வாசு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முதல் சத்தம் வந்தது. நாலாம் நம்பர், அவருடைய செல்லம். நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி என்ஜின் உறுமியது, நின்றது. அவர் காத்திருந்தார்.

"என்ன, பட்டை இறுகிக்கிச்சா? இன்னும் மாத்தலையா?" என்று திரும்பினார்.

ஷாமளா கையுறை போட்ட கையில் நாலாம் நம்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதிலிருந்து இன்னும் மெல்லிய புகை வந்துகொண்டிருந்தது. காரின் பின்னால் ஒன்றாம் நம்பர் மாட்டியிருந்தது.

வாசு ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்.

"ரெண்டுக்கும் ரொம்ப வித்தியாசமா?"

"இது பேசுது. அது கத்துது."

"மூணு வருஷமா நான் போட்டதெல்லாம் அந்த மாதிரியா?"

"வாசு பைப்னு பேரே இருக்கேண்ணே."

"எனக்குத் தெரியும். பாராட்டுன்னு நினைச்சேன்." புகைகிற நாலாம் நம்பரைப் பார்த்துக் கேட்டார். "யாரும் ஒரு வார்த்தை சொல்லலையே. ஏன்?"

"உங்களுக்குப் பிடிச்ச ஸ்டைல்னு நினைச்சிருப்பாங்க. பசங்களுக்கும் பிடிச்சுப்போச்சு. எங்க அம்மாவுக்குத்தான் பிடிக்கல."

வாசுவுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் பாதியில் நின்றுவிட்டது. எழுந்து ஈரத்துணியை எடுத்துப் போன வாரப் படத்தின் பின்பாதியை அழித்தார். மண்டியிட்டு மறுபடி வரைந்தார். என்ஜின் பக்கம் அப்படியே இருந்தது, அதில் காதுக்கு வேலையில்லை, கணக்குத்தான். நடுவில் ஒரு சின்ன சைலன்சர் சேர்த்தார், அந்த ரம்பச் சத்தத்தைத் தின்பதற்கு. பின்னால் ஒன்றாம் நம்பர் மாதிரியே ஒன்று, ஆனால் ஒரு சாண் நீளம் கூட. வேகத்தடையில் உரசாமல் இருக்க நடுக்குழாயை இரண்டு விரற்கடை மேலே ஏற்றினார்.

"அடிச் சத்தத்தை நான் பாத்துக்குவேன். குழாய்ல கை வச்சா எனக்குத் தெரியும். மேல் சத்தத்துக்கு நீதான் காது. கத்துதுன்னா கத்துதுன்னு சொல்லணும், என் மூஞ்சியைப் பாத்துட்டுச் சும்மா இருக்கக் கூடாது."

"நான் எங்க சும்மா இருந்தேன்? நீங்கதான் விரட்டி விட்டீங்க."

"ஆமா லா, விரட்டினேன்." சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்தார். "டியூனுக்கு சுகுமாறன் கம்ப்யூட்டர் என்ன சொல்லுதோ அதான். அந்தக் காதுமூடியை நான் எடுத்து மாட்டினேன்னா கையில உள்ள ஸ்பானரால ஒண்ணு போடு."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவர் சன்னாசியின் பிஸ்டனைப் பற்றிச் சொன்னார். சுகுமாறன் கேட்டதையும், தான் சொன்ன பதிலையும், பழி எங்கே போனது என்பதையும்.

"அவருக்கு இது தெரியுமாண்ணே?"

"தெரியாது."

ஷாமளா தரையில் கிடந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "குழாயைச் செய்ங்க. படம் சரியா இருக்கு" என்றாள். "டியூனுக்குத் தேதி அப்புறம் வச்சிக்கலாம்."

அவள் வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் அவருக்கு நன்றாகக் கேட்டது.

*

ஞாயிற்றுக்கிழமை காலை பாசிர் பெனம்பாங்கில் படகுகள் வந்திருந்தன. சன்னாசி மீன்பெட்டிகளுக்கு ஐஸ் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள்.

"என்னடா, மீன் வேணுமா, இல்ல வேற எவன் என்ஜினையாவது பிரிக்க வந்தியா?"

"சன்னாசி, போன வருஷம் உன் பிஸ்டன் உடைஞ்சது எண்ணெயால இல்லடா. என் காதால."

சன்னாசி கடகடவென்று சிரித்தார். "காதால பிஸ்டனை உடைக்கிற ஆளை இப்பத்தான் பாக்குறேன்!"

வாசு எல்லாவற்றையும் சொன்னார். சில்வண்டைப் பற்றி, சிவப்புக் கோட்டைப் பற்றி. கேட்கக் கேட்க ஐஸ் அள்ளுகிற கை மெதுவாகி நின்றது.

"அப்ப அந்தப் பெட்ரோல் ஸ்டேஷன் எண்ணெ?"

"நல்ல எண்ணெதான்."

"நல்ல எண்ணெ." சன்னாசி அள்ளுகிற கரண்டியை ஐஸுக்குள் குத்தி நிறுத்தினார். "ஸ்டேஷன்காரன் மூஞ்சிக்கு நேரா போய் நின்னு, தண்ணி கலந்து விக்கிறியாடான்னு கத்தினேன். அவன் பொண்ணு கல்லாவுல உக்காந்திருந்துச்சு. அன்னையிலருந்து அந்தப் பக்கமே போகாம, சுத்திக்கிட்டு கோல சிலாங்கூர்ல போய் எண்ணெ அடிக்கிறேன். ஒரு வருஷம்டா. அவன்கிட்ட யாரு போய்ச் சொல்றது?"

"நான் சொல்றேன்."

சன்னாசி முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டிப் பக்கம் குனிந்தார். குனிந்தபடியே ஏதோ சொன்னார். ஐஸ் நொறுங்குகிற சத்தமும் படகு மோட்டார்களின் சத்தமும் அதை மூடிவிட்டன. இரண்டு மூன்று வருடங்களாக இந்த மாதிரி நேரத்தில் வாசு செய்வது ஒன்றே ஒன்றுதான். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து, அதற்குத் தகுந்தபடி சிரித்தோ தலையாட்டியோ வைப்பார். இப்போது பார்க்க முகமும் இல்லை. தப்பித்துப் போய்விடலாம்.

அவர் பெட்டியைச் சுற்றிக்கொண்டு சன்னாசிக்கு எதிரே வந்து நின்றார்.

"எனக்குக் கேக்கல. என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு."

சன்னாசி நிமிர்ந்தார். சின்ன வயதிலிருந்து தெரிந்த அந்த முகத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு, சுற்றி நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினார்.

"பெட்டியோட அந்தப் பக்கத்தைப் பிடிடான்னு சொன்னேன், செவிட்டு மூதேவி! இதை ஏத்திட்டு ஸ்டேஷனுக்குப் போவோம். நீ பேசு, நான் பக்கத்துல நிக்கிறேன். அவன் திட்டுறதுல உனக்கு எதாவது கேக்கலன்னா நான் சொல்றேன்."

வாசு குனிந்து பெட்டியின் மறுபக்கக் கைப்பிடியைப் பிடித்தார்.